தலைமுறையும் முறையும்

எங்கள் தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நான் யார் என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. அதற்காக விமானம் ஏறி பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் வரை வந்து, எங்கள் கூட்ட அறையின் கொடுங்குளிரில் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே பேசினார். அவருடைய உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஐம்பதைத் தாண்டியும் நான் யார் என்று எனக்கே சரியாகப் பிடிபடாமல் இருந்ததால் ஆர்வமாகத்தான் போய் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

அறையின் நான்கு மூலைகளிலும் நான்கு அட்டைகள். பேபி பூமர், ஜென் எக்ஸ், மில்லேனியல், ஜென் ஸீ. அவரவர் பிறந்த வருடத்தைப் பார்த்து அவரவர் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். மூலையில் நிற்பது எனக்குத் தமிழ்ப்பள்ளி நாளிலிருந்தே பழக்கம். நான் ஜென் எக்ஸ் மூலைக்குப் போனேன்.

பேபி பூமர் மூலையில், ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் ஒப்பந்தத்தில் வந்த சீனப் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக நின்றார். உலகப் போர் முடிந்த சந்தோஷத்தில் அமெரிக்கர்கள் வரிசையாகப் பிள்ளை பெற்றார்களாம், அதனால் அந்தப் பெயராம். எங்கள் ஆட்கள் பிள்ளை பெறுவதற்கு எந்தக் காலத்திலும் சந்தோஷத்துக்காகக் காத்திருந்ததில்லை. அடுத்தது நாங்கள். ஜென் எக்ஸ் பிள்ளைகள் கழுத்தில் சாவியை மாட்டிக்கொண்டு பள்ளி விட்டு வந்து, காலி வீட்டைத் தாங்களே திறந்து, தனிமையில் வளர்ந்தவர்கள் என்றார் அந்த அம்மாள். அதனால்தான் நமக்குச் சுதந்திர மனப்பான்மை அதிகம் என்று என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். நான் வளர்ந்தது சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. காலியாக ஒரு நாளும் இருந்ததில்லை. தனிமை வேண்டுமென்றால் கக்கூசுக்குப் போக வேண்டும், அங்கேயும் வெளியிலிருந்து யாராவது தட்டிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் தலைமுறையின் பொதுவான நினைவு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். என் மூலையில் நின்ற சீன நண்பரும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அவர் பட்டணத்துக் கடைவீட்டுக்காரர். தொலைக்காட்சியில் பார்த்த ஓர் அமெரிக்கத் தொடரைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, தானும் அதைத்தான் பார்த்தாராம். நான் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்த நாளைச் சொன்னேன். அவர் முகம் குழம்பியது. எனக்கும் என் நண்பருக்கும் நடுவில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு இருக்கிறது என்பதை அந்த அட்டையில் எங்கே எழுதுவது? அதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு பயிற்சி. உங்களை நன்றாகப் புரிந்துகொண்ட வேறு தலைமுறைக்காரர் ஒருவரை இந்த அறையிலிருந்து அழைத்து வாருங்கள் என்றார். நான் மில்லேனியல் மூலைக்குப் போய் ஓர் இளைஞனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவன் எங்கள் பிரிவில் பொறியாளன். வேலையில் எனக்கு மேலே.

"இவர் யார் உங்களுக்கு?"

"என் தம்பி."

அந்த அம்மாள் என் நரையைப் பார்த்தார், அவன் காதிலிருந்த கடுக்கனைப் பார்த்தார். "தம்பி மாதிரியா?"

"மாதிரி இல்லை. தம்பி. என் சித்தப்பா மகன்."

"ஓ, கசின்," என்று மூச்சு விட்டார்.

எங்கள் பாஷையில் அதற்குச் சொல்லே கிடையாது, அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் நமக்கும் அண்ணன் தம்பிதான், என் மகளே இவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், அவளுக்கும் இவனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தன்னுடைய அண்ணன் மகன் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசாக ஓர் ஏக்கம் இருந்ததாக எனக்குப் பட்டது. இல்லாமலும் இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்ற என் தம்பி மட்டும், மகள் பேச்சு வந்ததும் காது சிவந்து தரையைப் பார்த்தான். நான் அதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்கு இந்த நாட்டில் கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லாததால், எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரியவர். என் கல்யாணத்தில் தட்டு மாற்றியவர் அவர். அப்பா இறந்தபோது என்னோடு உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டவரும் அவர். அவருடைய மனைவி, என் சின்னம்மா, வயிற்றில் ஏதோ கட்டி என்று பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் கட்டிதான் இந்தத் தம்பி. பேரப் பிள்ளை எடுக்கும் வயதில் பிள்ளை பிறந்ததில் சித்தப்பாவுக்கு ஏகப்பட்ட வெட்கம், அதைவிட ஏகப்பட்ட பெருமை. சின்னம்மா இப்போது இல்லை.

அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள். நடக்கப் பழகியதுமே அவளுக்கு இவனைச் சித்தப்பா என்று கூப்பிடப் பழக்கினோம். டயப்பர் போட்ட சித்தப்பா. அவனும் அந்தப் பதவியைச் சும்மா விடவில்லை. "சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்று மூன்று வயதிலேயே அதிகாரம் செய்வான். தீபாவளிக்கு அவன் அம்மா பணம் வைத்துக் கையில் கொடுத்த அங்பாவ் உறையை அவளிடம் நீட்டி, "நல்லாப் படிக்கணும்" என்று ஆசீர்வாதமும் செய்வான். அவனுக்கே அப்போது எழுதத் தெரியாது. அவள் உறையை வாங்கிக்கொண்டு அவனைக் கடித்துவிடுவாள். இப்படித்தான் வளர்ந்தார்கள்.

பயிற்சி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நாசி கண்டார் கடையில் நான், மனைவி, மகள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைக்காரர் முஸ்லிம், நான் மாரியம்மன் கோவில் ஆள், ஆனாலும் நாங்கள் இங்கே குடிவந்த நாளாக அவர் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார். குழம்பு எல்லாவற்றையும் மொத்தமாக ஊற்றிச் சோறு மிதக்கிற தட்டோடு நான் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து மகள் ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"யாரு?"

"சித்தப்பா."

என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சித்தப்பாவுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல. யாரு பொண்ணு?"

"நான்தாம்மா."

அதற்குப் பிறகு வாயிலிருந்த கோழித் துண்டு என் தொண்டையில் எப்படி இறங்கியது என்று எனக்கு நினைவில்லை.

"அது ஒனக்கு அப்பா முறை. தெரியுமா தெரியாதா?" என்றேன்.

"தெரியும். நீங்கதான் சொல்லிச் சொல்லி வளத்தீங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, வந்துருச்சி."

அவள் பட்டணத்தில் ஒரு லண்டன் நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறாள். எங்களிடம் சொல்வதற்கு முன்பு, ஒத்திகை மாதிரி, லண்டனில் இருக்கும் தன் மேலாளரிடம் கணினித் திரையில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் வாழ்த்துச் சொல்லி, எப்படி அறிமுகம் என்று கேட்டிருக்கிறார். இவள் வாய் தவறி, அவர் என்னுடைய அங்கிள் என்றிருக்கிறாள். அங்கே காமிரா அணைந்துவிட்டதாம். கோளாறு என்று இன்றுவரை சொல்கிறார்களாம்.

"சிரிக்கிற விஷயமா இது?" என்றேன்.

"நீங்கதானே போய் மூலையில நின்னுட்டு வந்தீங்க. அமெரிக்காக்காரங்க கணக்குலயும் பாத்துட்டேன் பா. ஒரு வருஷத்துல கோடு போட்டுட்டான். அவரு மில்லேனியல், நான் ஜென் ஸீ. அங்கயும் தலைமுறை ஒத்து வரல. ரொம்ப சுசா லா, கஷ்டம்." சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினாள். "நீங்க வேணாம்னா வேணாம். ஓடிப் போறதெல்லாம் கெடயாது. ஆனா எனக்கு வேற யாரையும் பாக்காதீங்க."

என் மகளை எனக்குத் தெரியும். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்ன கத்தரிக்காயை இன்றுவரை தொட்டதில்லை.

"மச்சான், தே தாரிக் இன்னொண்ணு?" என்று கடைக்காரர் வந்து நின்றார். டீ வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அன்றைக்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன். வேறு வழியில்லை, மனைவி என்னோடு பேசவில்லை. அந்த அமெரிக்க அம்மாள் ஊரில் தலைமுறை என்பது ஒருவரை ஒருவர் தெரியாத கோடிப் பேர் ஒரே வயதில் ஒரே பாட்டைக் கேட்டது. அங்கே ஒரு மனிதன் தன்னந்தனியாக ஓட்டல் அறையில் உட்கார்ந்துகொண்டு தன்னை ஜென் எக்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் தேவையில்லை. இங்கே அது நடக்காது. என்னை அண்ணன் ஆக்குவதற்கு ஒருவன், மாமா ஆக்குவதற்கு ஒருவன், மச்சான் ஆக்குவதற்கு ஒரு நாசி கண்டார் கடை என்று ஆள் வேண்டும். தலைமுறை என்ற சொல்லிலேயே முறை இருக்கிறது. அந்த அம்மாள் தலைகளை மட்டும் எண்ணிவிட்டு விமானம் ஏறிவிட்டார். முறையோடு மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

என் மகளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அதுதான் சிக்கல். கைப்பேசியில் அவள் லண்டன்காரர்களோடு ஒரே தலைமுறை. அவர்கள் சிரிக்கும் படத்துக்குச் சிரிக்கிறாள், அவர்கள் திட்டும் ஆளைத் திட்டுகிறாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் அண்ணன் மகள் ஆகிவிடுகிறாள்.

தொழிற்சாலையில் தம்பி என் முன்னால் வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தே ஆக வேண்டிய நேரத்தில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவன். இப்போது அண்ணே என்றால் காதல் போச்சு, மாமா என்றால் எனக்குக் கோபம் வரும். அதனால் "அந்த மெசின்... வந்து... பாத்துட்டீங்களா" என்று சுவரிடம் பேசுவான். அது என்னைச் சுட்டது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்து யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல் பேசியதைத் தாங்க முடியவில்லை.

என் மனைவியின் அக்கா ஒருவர் இருக்கிறார். பினாங்கில் எந்த மண்டபத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், யாருக்கு யார் என்ன முறை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். விஷயம் அவர் காதுக்குப் போய், தீர்ப்பு தொலைபேசியில் வந்தது. "பங்காளி வீட்டுக்குள்ளயே கல்யாணமா? ஊரு சிரிக்கும்." கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. முதல் முறையாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததில் எனக்கே என் மேல் பயம் வந்தது.

அதனால் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு வருவதுதான் திட்டம். அவர் வேண்டாம் என்று சொல்லட்டும், பிள்ளைகள் அவரைக் கோபித்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் பிறகு எதற்கு இருக்கிறார்கள்? ஃபெரியில் கடலைத் தாண்டும்போது வாக்கியங்களை எல்லாம் தயார் செய்துகொண்டேன்.

சித்தப்பா தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஒருத்தன் இன்னொருத்தனைத் தூக்கிப் போடும்போது அவர் கால் நாற்காலியை உதைக்கும். நான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தத்தைக் குறைத்தார். பிறகு தொலைக்காட்சியையே அணைத்தார். மல்யுத்தத்தை அவர் பாதியில் அணைத்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கா?"

"அது இருக்கட்டும் சித்தப்பா. முறை வரணுமே. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"முறை இல்லன்னு யாரு சொன்னா?"

"என்னா கேக்கறீங்க? நீங்க எங்கப்பாவுக்குத் தம்பி."

அவர் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் போட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒங்கப்பனும் நானும் ஒரு வயித்துல பொறக்கல பா. ஒண்ணுவிட்ட தம்பி ரெண்டுவிட்ட தம்பி அதுவும் இல்ல. சொந்தமே கெடயாது. பக்கத்து வீடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவரைப் பெற்றவர்கள் இருவரும் வேறொரு தோட்டத்தில் அடுத்தடுத்துச் செத்துப்போக, இளவட்டமாக வேலை தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இடம். சமைக்கத் தெரியாது. அப்போது அப்பாவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். "ஒரு நாளு பைப்படியில நிக்கிறேன். ஒங்கம்மா வாசல்ல வந்து, கொழுந்தனாரே, சாப்பிட வாங்கன்னு கூப்டுச்சி. எனக்கு அப்படி யாரும் இல்லியே, யாரக் கூப்டுதுன்னு திரும்பிப் பாத்தேன். அங்க வேற யாரும் இல்ல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

லயத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறை. எதிர்வீட்டு மாமா, கடைசி வீட்டுப் பெரியம்மா, பால்மரம் வெட்டும் அண்ணன் என்று யாரை எடுத்தாலும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் மற்றவர்கள் எல்லாம் தோட்டத்தை விட்டுப் போனதும் பெயரோடு நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் நிற்கவில்லை. கூடவே வந்து, அப்பாவுக்கு மொட்டை போட்டு, என் மகளுக்குக் காது குத்த மடியில் உட்காரவைத்து, எனக்குச் சித்தப்பாவாகவே இருந்துவிட்டார்.

"ஏன் இத்தன நாளு சொல்லல?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீ கேக்கல. கேட்டாதானே சொல்றது." பிறகு மெதுவாகச் சொன்னார். "இப்ப அந்தப் புள்ளைக்காகச் சொல்லிட்டேன். இனிமே நான் ஒனக்கு யாருடா?"

ஒரு வேண்டாம் வாங்கிப் போக வந்தவனுக்குக் கல்யாணத்தையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார், பதிலுக்குச் சித்தப்பாவை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் அவர் எப்படி எனக்குச் சொந்தமில்லாமல் போகலாம்? திரும்பும்போது ஃபெரியில் கண் கலங்கியது. எதிரில் இருந்த மலாய்க்கார அம்மாள், தம்பி, உடம்புக்கு என்ன என்று அவர் பாஷையில் கேட்டார். கேட்கும்போதே என்னை அடிக் என்று, தம்பி என்று கூப்பிட்டார். இன்னொரு அக்கா. அன்று எனக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

வீட்டில் சொன்னேன். மகள் போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மனைவி கதவில் காதை வைத்துக் கேட்டாள். இரண்டும் என்றாள். பிறகு அவளுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது.

"அவன் எனக்குக் கொழுந்தன்லா. இத்தன வருஷமா தலையில குட்டி, கிண்டல் பண்ணி, கடுக்கன இழுத்து வெளாண்டுருக்கேன். நாளைக்கு மாமியாரா ஆயிட்டா எப்பிடி இழுக்கறது?"

"இழுக்காத."

"இழுக்காம எப்பிடி இருக்கறது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

மனைவியின் அக்காவைச் சம்மதிக்கவைப்பது பெரிய பாடாக இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். நிச்சயதார்த்தத்தில், சபையில், எல்லார் முன்னாலும் சொந்தமில்லை என்று பெரியவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாரும் பழைய முறையில் கூப்பிடக்கூடாது. "சித்தப்பான்னு ஒரு தடவ ஒங்க வாயில வந்துச்சி, நான் எந்திரிச்சிப் போயிருவேன். நான் போனா எத்தன பேரு பின்னாலயே வருவாங்கன்னு ஒங்களுக்கே தெரியும்." தெரியும். பாதி மண்டபம் அவர் பின்னால் போகும். நாளைக்கு என் மகளைப் பற்றி அந்தப் பாதி மண்டபம் என்ன பேசும் என்பதும் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

வாரக்கணக்கில் பயிற்சி நடந்தது. மனைவி சமைத்துக்கொண்டே கேட்பாள், "பாகான்ல இருந்து யாரு வராங்க?" நான் சம்பந்தி என்று சொல்ல வேண்டும். அமெரிக்க அம்மாள் நடத்தியதைவிடக் கடுமையான பயிற்சி. தம்பியும் தன் பங்குக்குத் தொழிற்சாலையில் என்னை மாமா என்று கூப்பிட முயற்சி செய்தான். "அண்ண... மாமா" என்று இழுத்து, கடைசியில் அண்ணமாமா என்ற புது உறவு ஒன்றைக் கண்டுபிடித்தான். அதைக் கேட்டுச் சீன நண்பர் தானும் என்னை அண்ணமாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மரியாதைச் சொல் என்று நினைத்துவிட்டார், பாவம்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். எதிரும் புதிருமாக இரண்டு பாய்கள். எங்கள் பக்கம் நான், மனைவி, அக்கா, அவர் பின்னால் அவருடைய படை. எதிர்ப் பக்கம் மாப்பிள்ளையும் சித்தப்பாவும், பக்கபலத்துக்கு அவன் தொழிற்சாலை நண்பர்கள் சிலரும். சித்தப்பாவை எதிர்ப் பாயில் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தியதும் சித்தப்பா எழுந்தார். "எல்லாருக்கும் வணக்கம். பொண்ணோட தாத்தாவும் நானும் ரத்த சொந்தம் இல்லீங்க. பக்கத்து வீடு. அதனால முறை சரிதான்." அவ்வளவுதான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். மண்டபம் திருப்தியாகத் தலையாட்டியது. எனக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது.

"தட்டு மாத்தலாம். பொண்ணு வீட்டுப் பெரியவங்க எந்திரிச்சி வாங்க," என்றார் ஐயர்.

சித்தப்பா எழுந்தார். நேராக நடந்து எங்கள் பக்கம் வந்தார். குனிந்து எங்கள் தட்டைக் கையில் எடுத்து, வெற்றிலை மேலிருந்த தேங்காய் உருளாமல் ஒரு விரலால் சரிசெய்து, என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டார். எங்கள் வீட்டில் பெரியவங்க என்று யார் கூப்பிட்டாலும் இத்தனை வருடமாக எழுந்தவர் அவர்தான். கால் தானாக வந்துவிட்டது.

எதிர்ப் பாயில் மாப்பிள்ளை மட்டும் தட்டுக்குப் பின்னால் தனியாக நின்றான். யாரோ சிரித்தார்கள். மனைவி என் முதுகில் குத்தினாள்.

"சம்பந்தி," என்றேன்.

அவர் தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி. அந்தப் பக்கம்."

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சித்தப்பா."

திரும்பினார். "என்னடா?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் பட்டுப்புடவைகள் சரசரத்தன. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சித்தப்பாவுக்கு அப்போதுதான் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது உறைத்தது. தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பார்த்தார். எழுந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையைக் கீழே வைத்தார்.

"அவரு இங்கயே நிக்கட்டும். தட்ட மாத்துங்க ஐயரே, நேரமாவுது," என்றவர், உட்கார்ந்துகொண்டே சொன்னார், "இந்தக் குடும்பத்துக்கு முறையே கெடயாது."

பெண் வீட்டுத் தட்டோடு மாப்பிள்ளையின் அப்பா தயாராக நின்றார். அதை வாங்க மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. "அந்தப் பக்கம் யாராச்சும் வாங்க," என்று ஐயர் பொதுவாகச் சொன்னார். மண்டபம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நான் பாயைத் தாண்டிக் குறுக்கே நடந்து, எதிர்ப் பக்கம் போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் தட்டைக் கையில் எடுத்தேன்.

"அண்ணே," என்றான் பக்கத்திலிருந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

நான் திரும்பிப் பார்த்தேன்.